பிள்ளையின் அறையும் பெற்றோரின் ஆணையும்

இல்லங்களில் நாள்தோறும் மூளும் பிணக்குகளுட் பெரும்பாலானவை சிறு பொருள்களைப் பற்றியனவே. கட்டிலின்மீது குவிந்து கிடக்கும் உடுப்புகள், மேசையிற் பரந்து கிடக்கும் கொப்பிகள், மூடப்படாத அலுமாரி என்பன குறித்துத் தாய்க்கும் பிள்ளைக்குமிடையே எழும் வாக்குவாதம் ஆராய்ச்சிக்குரியதென எவரும் எளிதிற் கருதுவதில்லை. ஆயினும் அதிகாரம், உழைப்பு, உரிமை ஆகிய மூன்றும் ஒருங்கே சந்திக்கும் இடம் அச்சிறு அறையாகும். ஆதலின், அறையை ஒழுங்காக வைத்திருக்குமாறு பிள்ளையைப் பெற்றோர் கட்டாயப்படுத்தலாமா என்பது ஊன்றி நோக்கற்பாலது.

பிள்ளைக்கெனத் தனியறை ஒதுக்குவது நம்மவரிடையே பழைய வழக்கமன்று. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிற் பிள்ளைகள் விறாந்தையிற் பாய் விரித்து உறங்கினர்; விடிந்ததும் அதனைச் சுருட்டி வைத்தனர். பாய் சுருட்டப்படாவிடின் அவ்விடம் பிறர்க்குப் பயன்படாது. மலையகத்து லயன் அறைகளில் இன்றும் பல குடும்பங்களின் நிலை இதுவே. இத்தகைய வீட்டில் ஒழுங்கு என்பது கூடிவாழ்தலின் தேவையாகும். அதன் காரணம் பிள்ளைக்குத் தானே விளங்கும். தனியறை வாய்த்த வீட்டிலோ அக்காரணம் கண்ணுக்குப் புலனாவதில்லை. அதனாலேயே அங்கு ஆணை தேவைப்படுகின்றது.

ஆணையை மறுப்போர் பிள்ளையின் உரிமையை எடுத்துக்காட்டுவர். 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றியதும் 1991 இல் இலங்கை ஏற்றுறுதி செய்ததுமான சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16 ஆம் உறுப்புரை, பிள்ளையின் அந்தரங்க வாழ்வில் எவரும் தன்னிச்சையாகத் தலையிடலாகாது என்கின்றது. துப்புரவு செய்வதாகக் கூறிப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்ப்பதும், அது சேர்த்து வைத்த பொருள்களைக் கேளாமலே வீசிவிடுவதும் இத்தகைய தலையீடுகளே. ஆனால், தன் எச்சிற் கோப்பையைப் பிறர் எடுத்துக் கழுவவேண்டும் என்னும் உரிமையை அச்சமவாயம் எவருக்கும் வழங்கவில்லை.

இவ்விடத்து மரியா மொன்ரிசோரி அம்மையாரின் அனுபவம் கருதத்தக்கது. 1907 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் நாள் உரோமாபுரியின் சான் லொறென்சோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில் அவர் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்துவிடப்பட்ட சிறுவர் சுவர்களையும் படிகளையும் பாழாக்காதிருத்தலே கட்டட உரிமையாளர் எதிர்பார்த்த பயன். அம்மையாரோ பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற மேசை, கதிரைகளைச் செய்வித்தார். கற்றற் கருவிகள் முதலிற் பூட்டிய அலுமாரியில் வைக்கப்பட்டு ஆசிரியையாற் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஒருநாள் அலுமாரி பூட்டப்படாதிருக்கவே, பிள்ளைகள் தாமே விரும்பியவற்றைத் தெரிந்தெடுத்துக்கொண்டனர். எடுத்தவற்றை உரிய இடத்தில் மீள வைப்பதிலும் அவர்கள் ஆர்வங் காட்டினர். அதன்பின் கைக்கெட்டும் பதிவான அலுமாரிகள் அமைக்கப்பட்டன. பொருளுக்கு ஓர் இடமும், அவ்விடம் கைக்கெட்டும் உயரமும் இருப்பின் ஒழுங்கு வற்புறுத்தலின்றியே பிறக்கும் என்பது இதனாற் பெறப்படும். எட்டாத தட்டில் உடுப்பை அடுக்குமாறு ஐந்து வயதுப் பிள்ளையை அதட்டும் பெற்றோர் முதலிற் சீர்செய்யவேண்டியது அத்தட்டையே.

இனி, யாருக்கு ஆணை இடப்படுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். நம் வீடுகள் பலவற்றில் முற்றங் கூட்டவும் அறையை ஒதுக்கவும் மகள் பணிக்கப்படுகின்றாள். மகனின் அறையைத் தாயோ தங்கையோ ஒதுக்கிவிடுகின்றனர். அவன் படிக்கின்றான் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். அவளும் அதே பரீட்சைக்கே படிக்கின்றாள் என்பது மறக்கப்படுகின்றது. இவ்வாறு வளர்ந்த மகன் பல்கலைக்கழக விடுதிக்கு வரும்போது அறைத்தோழன் மீதும், பின்னர் மனைவி மீதும் அதே பாரத்தைச் சுமத்துகின்றான். அறை அலங்கோலமாயிருத்தலினும், அதனைச் சீர்செய்யும் கை எவருடையது என்பதை அறியாதிருத்தலே பெருங்கேடாகும்.

எனவே கட்டாயத்துக்கு ஓர் எல்லை வகுத்தல் பொருந்தும். பிறரைப் பாதிப்பனவற்றிற் பெற்றோர் விட்டுக்கொடுத்தல் ஆகாது. எறும்பு மொய்க்கும் உணவு மிச்சம், பூச்சாடியில் நாட்கணக்கிற் தேங்கிய நீர் என்பன அத்தகையன. 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,80,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். அந்நோயைப் பரப்பும் நுளம்பு பெருகுதற்கு வீட்டினுள் தேங்கிய சிறிதளவு நீரே போதும். புத்தகங்களை எவ்வாறு அடுக்குவது, சுவரில் எப்படத்தை ஒட்டுவது, மேசையில் எதனை விரித்தபடி விடுவது என்பனவற்றைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம். பாதி எழுதிய கட்டுரையும் பாதி பொருத்திய பொறியும் பிறர் கண்ணுக்குக் குப்பையாகத் தோன்றினும் அப்பிள்ளைக்கு அவை நடந்துகொண்டிருக்கும் வேலையாகும்.

இவ்வெல்லை மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஆணையிடும் தந்தையும் தாம் உண்ட கோப்பையைத் தாமே கழுவுதல் வேண்டும். அவ்வாறாயின், பிள்ளையிடம் அதனையே கேட்பதற்குப் பெற்றோருக்குத் தகுதி உண்டு.