பொள்ளாச்சி டு கோவை: அடுத்த செக்கப் வரைக்கும்...

பொள்ளாச்சியிலிருந்து உக்கடம் போகும் காலை பஸ்ஸில் மஞ்சள் பையோடு ஏறுபவர்கள் எல்லாம் ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் அல்ல. சில பைகளில் இருப்பது ஸ்கேன் கவரும் ரிப்போர்ட் ஃபைலும். கோவை 40 கிலோமீட்டர். கிணத்துக்கடவு குன்றின் மேலிருக்கும் வேலாயுதசுவாமிக்கு ஒரு கும்பிடு, ஈச்சனாரி பிள்ளையாருக்கு இன்னொன்று. அப்புறம் மருத்துவமனை வரிசை.

கதிர்வீச்சு என்றால் பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், வாரக்கணக்கில். மெஷினில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். போய் வருவதற்குள் எழுபது வயது உடம்பு ஓய்ந்துவிடும். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை கிடைக்கும். துணைக்கு வரும் மகன் இழக்கும் கூலி அதில் சேராது.

சிகிச்சை முடிந்த பிறகு ஆரம்பிப்பது வேறு கஷ்டம். 'மூணு மாசம் கழிச்சு வாங்க.' பேத்தியின் சீருக்கு நாள் குறிப்பதுகூட அடுத்த ஸ்கேனைப் பார்த்துத்தான்.

இந்த நிச்சயமின்மை தென்னை விவசாயிகளுக்குப் புதிதல்ல. ஆனைமலை வட்டாரத் தோப்புகளைக் கேரள வாடல் நோய் பிடித்திருக்கிறது. அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. முற்றிப்போய்க் காய்ப்பு விழுந்த மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். லேசாகத் தாக்கப்பட்டு இன்னும் காய்க்கிற மரத்துக்கு உரமும் தண்ணீரும் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். எத்தனை வருஷம் என்று யாரும் உத்தரவாதம் கேட்பதில்லை.

வீட்டுப் பெரியவர் விஷயத்தில் மட்டும் இந்தப் பக்குவம் காணாமல் போகிறது. "அப்பாருகிட்ட சொல்லிப்போடாதீங்க டாக்டர்" என்று பேரன் கிசுகிசுப்பான். புற்றுநோய் என்ற வார்த்தை வீட்டுக்குள் 'கட்டி' ஆகும், 'புண்ணு' ஆகும். பக்கத்து நாற்காலியில் முடி கொட்டி உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தே அப்பாருக்குப் புரிந்துவிடும். பிள்ளைகள் சங்கடப்படுவார்களே என்று அவரும் தெரியாத மாதிரி இருப்பார்.

இந்த நாடகத்தில் ஒரு கேள்வி அடிபட்டுப் போகிறது. இன்னொரு ரவுண்டு கீமோ வேண்டுமா? அதனால் அவருக்கு என்ன கிடைக்கும், என்ன போகும்? தோப்புக்கு நடந்து போக முடியுமா, வாய்க்கு ருசியாகச் சாப்பிட முடியுமா? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவரிடம்தான் யாரும் கேட்பதில்லை.

வலிக்கு ஒவ்வொரு முறையும் கோவைக்கு ஓடவும் வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். வலி நிவாரண சிகிச்சை கடைசி நாட்களுக்கு மட்டுமானது அல்ல. கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே டாக்டரிடம் கேட்கலாம்.