சிவப்பு அட்டை

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் சாலையில் உலு திராம் இருக்கிறது. இன்று அங்கே சாலையின் இருபுறமும் வீடமைப்புப் பகுதிகளும் கடைவீடுகளும் நிறைந்துள்ளன. ஒரு காலத்தில் அதே இடங்களில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. அந்தத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் உழைத்தனர்.

அவ்வூர்த் தாமான் ஒன்றில், ஒரு வீட்டு மேசையின்மீது இரண்டு அடையாள அட்டைகள் இருந்தன. ஒன்று நீலம், மற்றொன்று பழுப்பேறிப்போன சிவப்பு. நீல அட்டை அவ்வீட்டுத் தாத்தாவுடையது. சிவப்பு அட்டை, தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த அவருடைய அக்காவுடையது. இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள்.

“தாத்தா, அத்தைப் பாட்டியும் இங்கேதானே பிறந்தாங்க? அப்புறம் ஏன் அவங்களுக்கு வேறு நிறம்?” என்று படிவம் நான்கில் பயிலும் பேத்தி கேட்டாள்.

“எல்லாம் பிறந்த தேதிதான் அம்மா,” என்றார் தாத்தா.

பாட்டி பிறந்தது 1949ஆம் ஆண்டில். தாத்தா பிறந்தது 1958ஆம் ஆண்டில். இடையில், 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. விடுதலை நாளிலிருந்து 1962ஆம் ஆண்டு வரை இம்மண்ணில் பிறந்த குழந்தைகள் சட்டப்படி தாமாகவே குடிமக்கள் ஆயினர். அதற்கு முன் பிறந்தவர்களில் பலரோ விண்ணப்பம் செய்தே குடியுரிமை பெற வேண்டியிருந்தது. அதற்குப் பத்திரங்கள் தேவைப்பட்டன; மலாய்மொழி அறிவும் தேவைப்பட்டது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பொழுதெல்லாம் மரம் வெட்டிப் பால் எடுத்த தோட்டத் தொழிலாளர்களில் பலர், “அப்புறம் பார்க்கலாம்” என்று இருந்துவிட்டனர். பாட்டியின் தந்தையும் அவர்களில் ஒருவர். மகளின் பிறப்பை உரிய காலத்தில் பதியவும் இல்லை. பின்னர் அவளுக்காக விண்ணப்பிக்கவும் இல்லை. ஆகவே, பாட்டிக்குக் கிடைத்தது நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அட்டை.

தொடக்கத்தில் அந்த நிற வேறுபாட்டை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. நீல அட்டைக்காரரும் சிவப்பு அட்டைக்காரரும் ஒரே நிரையில் மரம் வெட்டினர். ஒரே கோயில் திருவிழாவில் கூடினர். ஆனால், 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நிலைமை மாறியது. குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்வதற்குத் தனி அனுமதி பெற வேண்டும் என்பது அதன் விதி. சிவப்பு அட்டை வைத்திருந்தவர் நாட்டில் தங்கலாம். ஆனால், அனுமதி இல்லாமல் உழைக்க முடியாது. உழைப்பைத் தவிர வேறு எதுவும் இல்லாதவர் எப்படித் தங்குவது? அக்காலத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டு இந்தியாவுக்குச் சென்றனர் என்று வரலாறு கூறுகிறது.

அப்போது பாட்டிக்கு இருபத்தொரு வயது; திருமணமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. கணவருக்கு வேலை அனுமதி கிடைக்கவில்லை. இருவரும் ‘ரஜூலா’ கப்பலில் ஏறி, நாமக்கல் பக்கத்திலிருந்த கணவரின் சொந்த ஊருக்குப் போயினர். “இரண்டே வருஷம். நிலைமை சரியானதும் வந்துடுவோம்,” என்று தன் தாயிடம் சொல்லிவிட்டுத்தான் பாட்டி புறப்பட்டார். திரும்பி வருவதற்கான மறுநுழைவு அனுமதியும் அவருடைய கடப்பிதழில் இருந்தது.

அந்த அனுமதிக்கு ஒரு காலக்கெடு உண்டு. நிரந்தரவாசி ஒருவர் வெளிநாடு சென்றால், அக்கெடு முடிவதற்குள் திரும்ப வேண்டும். அல்லது அதை நீட்டிக்க வேண்டும். பாட்டிக்கோ முதலில் கைக்குழந்தை. பிறகு பொய்த்துப்போன மழை. பிறகு கணவரின் நோய். கப்பல் கட்டணத்திற்காகச் சேர்த்த பணம் ஒவ்வொரு முறையும் வேறு செலவுக்குப் போனது. தாய் இறந்த செய்தி கடிதமாக வந்து சேர்ந்தபோது, அனுமதி காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அங்கே ஊரார் அவரை ‘மலாயாக்காரி’ என்றே அழைத்தனர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெயர் மாறவில்லை.

2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் முப்பது நாள்வரை மலேசியாவில் தங்கலாம் என்னும் சலுகை நடப்புக்கு வந்தது. கணவரை இழந்திருந்த பாட்டி, அச்சலுகையில் தம்பி வீட்டுக்கு வந்தார். வந்த மறுநாளே பெற்றோரைப் புதைத்த இடத்தைத் தேடிப்போய் விளக்கேற்றினார். அன்றிரவு, சேலை மடிப்பிலிருந்து அந்தச் சிவப்பு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“தம்பி, இது இன்னும் செல்லுமா? மிச்சம் இருக்கிற நாளை இங்கேயே கழிக்கணும்னு ஆசையா இருக்கு.”

அந்தக் கேள்விக்கு விடை தேடித் தம்பியும் பேத்தியும் பாட்டியைக் குடிநுழைவுத் துறை அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றனர். முகப்பில் இருந்த அதிகாரிக்குப் பாட்டியே மலாய்மொழியில் பதில் சொன்னார். தோட்டத்தில் பழகிய பேச்சு. ஒரு சொல்லும் மறந்திருக்கவில்லை. அதிகாரி புன்னகையுடன், “மக்சிக், எங்கே கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்டார்.

“இங்கேதான். உலு திராமில்,” என்றார் பாட்டி.

அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். பழைய தகுதி தானாக உயிர்பெறாது. புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பொறுப்பேற்க மலேசியக் குடிமகன் ஒருவர் வேண்டும். உறவை மெய்ப்பிக்கும் பத்திரங்கள் வேண்டும். எல்லாம் இருந்தாலும் முடிவு அரசாங்கத்தின் கையில்தான். எத்தனை காலம் ஆகும் என்றும் சொல்ல இயலாது. எனினும், அந்த அட்டையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்றார். அவர் இங்கே வாழ்ந்ததற்கு அது ஒரு சான்று.

அன்று மாலையே பேத்தி ஒரு கோப்பைத் தயார் செய்தாள். அட்டையின் படி, காலாவதியான மறுநுழைவு அனுமதி, தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை வரிசையாக அடுக்கினாள். தாத்தாவின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் இருந்தது. பாட்டியின் திருமணப் பதிவிலும் அதே பெயர் இருந்தது. இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதைச் சொல்ல அந்த ஒரு பெயர்தான் இப்போதைக்குத் துணை. பழைய பதிவுகள் கிடைக்குமா என்று தேசியப் பதிவுத் துறையில் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பத்திரங்களையும் எடுத்து, தேதிகளைச் சரிபார்க்கத் தொடங்கினாள்.

முப்பதாம் நாளுக்கு முன்பே பாட்டி புறப்பட வேண்டியிருந்தது. விமான நிலையத்தில் தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, நான் எட்டு வருஷம் முந்திப் பிறந்திருந்தா, எனக்கும் இதே கதிதான். நீங்க கவலைப்படாதீங்க. அடுத்த தடவை வரும்போது விண்ணப்பம் தயாரா இருக்கும்.”

பாட்டி கோப்பைப் பேத்தியிடமே கொடுத்தார்.

“நீயே வெச்சுக்க, கண்ணு. அன்னிக்கு எனக்குத் தேதியைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. இந்தத் தடவை நீ பார்த்துக்கோ.”

பேத்தி அந்தக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். வீடு திரும்பியதும் நாள்காட்டியை எடுத்து, பாட்டி மீண்டும் வரவேண்டிய மாதத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டாள்.