நான் அனுப்பிய பொய்யும் ஒரு தாய் தேடிய உண்மையும்



உங்கள் ஒப்புரவு அறிக்கைகளைக் கேட்டு வாழ்பவன் நான். இன்று நீங்கள் என்னுடையதைக் கேளுங்கள்.

முன்னொரு நகரசபைத் தேர்தலுக்குச் சில நாள்களுக்கு முன்னர், நான் நன்கு அறிந்த ஒருவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. நம் பகுதி வேட்பாளர் ஒருவர் முதியோருக்கான சலுகை ஒன்றை எதிர்த்து வாக்களித்தார் என்று அதில் உறுதியாகச் சொல்லப்பட்டது. கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. எதையும் ஆராயாமல் பங்கின் வாட்ஸ்அப் குழுவுக்கு அதனை அனுப்பிவிட்டேன். குருவானவர் அனுப்பியதை யார் சந்தேகிப்பார்?

ஒருவர் சந்தேகித்தார். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார். “சுவாமி, கோவிக்காதையுங்கோ. அந்தச் செய்தி பிழை. நான் லைப்ரரியில போய்ப் பார்த்தனான்” என்றார்.

குடியுரிமைத் தேர்வுக்குப் படிப்பதற்காக அவர் வாரந்தோறும் அயலிலுள்ள நூலகத்துக்குச் செல்பவர். அங்கிருந்த நூலகரிடம் அந்தச் செய்தியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நூலகர் அது சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. நகரசபை உறுப்பினர்கள் எதற்கு எவ்வாறு வாக்களித்தனர் என்ற பதிவை எங்கே பார்க்கலாம் என்று கணினியில் காட்டிவிட்டு, அவரை வாசிக்க விட்டு விலகியிருக்கிறார். அந்த வேட்பாளர் சலுகையை ஆதரித்தே வாக்களித்திருந்தார்.

என்னை மிகவும் வெட்கப்பட வைத்தது வேறொன்று. அந்தத் தாய் அப்போது கனேடியக் குடிமகள் அல்லர். அத்தேர்தலில் அவருக்கு வாக்கே இல்லை. வாக்குரிமை உள்ள நான் தேடாத உண்மையை, வாக்குரிமை இல்லாத அவர் தேடிச் சென்றார். அன்றே திருத்தம் அனுப்பினேன். மறுவாரம் பீடத்தில் நின்று மன்னிப்பும் கேட்டேன். ஆயினும், பொய் சென்ற இடமெல்லாம் அந்தத் திருத்தமும் சென்றிராது.

அன்றிரவு என் நினைவு யாழ்ப்பாணத்துக்குச் சென்றது. 1933இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு நூலகமே பின்னர் யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. அதற்கொரு பெருங்கட்டடம் எழுப்ப முன்னின்று உழைத்தவர்களுள் புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளாரும் ஒருவர். குருமட மாணவனாக நானும் அங்கே அமர்ந்து வாசித்திருக்கிறேன். ஒன்றையொன்று சாடும் பத்திரிகைகள் அங்கே ஒரே மேசையில் அருகருகே கிடக்கும். எதை நம்புவது என்பதை வாசிப்பவரே முடிவு செய்ய வேண்டும்.

1981 ஜூன் 4ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்குச் சில நாள்களே இருந்தபோது, மே 31ஆம் திகதி தொடங்கிய வன்செயல்களின் நடுவே அந்த நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் தீக்கிரையானது. பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் அதிர்ச்சியில் உயிர் நீத்தார்.

தேர்தல் நாள்களில் நூலகமும் பத்திரிகை அலுவலகமும் சேர்ந்து எரிந்ததை நான் நெடுங்காலம் தமிழினத்தின் இழப்பாக மட்டுமே நினைத்திருந்தேன். அது குடிமகனின் இழப்பும்கூட என்பதை இந்தத் தாயே எனக்கு உணர்த்தினார். சொல்லப்பட்டதைச் சரிபார்க்க ஓர் இடம் இல்லாதவனுக்கு வாக்கு இருந்தும் பயன் குறைவு. உரத்துப் பேசுபவர் சொல்வதையே அவன் நம்ப வேண்டியிருக்கும்.

நாம் வாழும் ரொறன்ரோவில் நூறு நூலகக் கிளைகள் உள்ளன. ஸ்காபரோவின் பல கிளைகளில் தமிழ் நூல்களும் உண்டு. நூலகத்துக்குள் நுழையவும் அங்கிருந்து வாசிக்கவும் கட்டணம் கேட்கக் கூடாது என்பது ஒன்ராறியோச் சட்டம். நேற்று வந்திறங்கிய அகதியும் கோடீசுவரரும் அங்கே ஒரே மேசையில் அமரலாம். 2011இல், செலவைக் குறைக்க நூலகக் கிளைகளை மூடலாம் என்ற யோசனை எழுந்தபோது, இந்நகர மக்கள் நகரசபை மண்டபத்தில் விடிய விடியக் காத்திருந்து எதிர்த்துப் பேசினர். அந்த அயற்கிளைகள் இன்றும் திறந்திருக்கின்றன என்றால், யாரோ நமக்காகவும் விழித்திருந்தார்கள் என்று பொருள். ஒரு நூலகத்தை எரியக் கொடுத்த நம்முள் எத்தனை பேர் அன்று அங்கே இருந்தோம்?

2022 நகரசபைத் தேர்தலில், வாக்களிக்கத் தகுதியுடையோருள் பத்தில் ஏறத்தாழ மூவரே வாக்களித்தனர். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்வது என் பணி அன்று. ஆனால் தேடிப் பார்த்து, மனச்சான்றோடு வாக்களியுங்கள் என்று சொல்வது என் கடமை. ஆதலால் இரண்டு வேண்டுகோள்கள். இந்த மாதத்தில் ஒரு நாள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உங்கள் அயல் நூலகத்துக்குச் செல்லுங்கள். அட்டை இல்லாதவர்கள் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்து, கோபமூட்டும் செய்தி ஒன்று வந்தால், அது என்னிடமிருந்தே வந்தாலும், சரிபார்க்காமல் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

அந்தத் தாய் இப்போது கனேடியக் குடிமகள். வாக்களிக்கச் செல்லுமுன் நூலகத்துக்கும் போனாராம்.

இறை ஆசீர் உங்களோடு என்றும் இருப்பதாக.

உங்கள் பங்குத்தந்தை