மூங்கிலில் எழுதிய பெயர்

மீன்பிடிக்கும் கோலைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேளுங்கள். கூடவே, மூங்கில் வேலை என்றதும் நம் ஊரில் எந்தத் தெரு நினைவுக்கு வருகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கூடை, முறம், தட்டி, கடைசியில் பாடை. இவற்றைச் செய்த கைகளுக்கு ஊர் என்ன மரியாதை கொடுத்தது என்று நமக்குத் தெரியும். மூங்கிலைப் பிளந்து ஒட்டிய ஒரு கோலை, செய்தவரின் பெயருக்காகவே ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிற உலகமும் இருக்கிறது. ஐந்தாறு வருடங்களாக நாங்கள் இருவரும் அந்த உலகத்தில் புழங்கிக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவில். இங்கே ஒருவர் இறந்துபோனால் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றுவிடுவார்கள். சனிக்கிழமை காலையில் அப்படிப்பட்ட விற்பனைகளுக்கும் பழைய சாமான் சந்தைகளுக்கும் போவது எங்கள் வழக்கம். மண்வெட்டி, உடைந்த நாற்காலி, துருப்பிடித்த ரம்பம் இவற்றுக்கு நடுவே நீளமான அலுமினியக் குழாய் ஒன்று கிடந்தால் கால் தானாக நின்றுவிடும். உள்ளே துணிப்பையில் சுற்றிய ஒரு பழைய ஃப்ளை ராட் இருக்க வாய்ப்புண்டு.

ஃப்ளை ராட் என்பது ட்ரவுட் போன்ற மீன்களைப் பிடிக்கும் தூண்டிற்கோல். இரை புழு அல்ல. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சி. அதற்கு எடையே கிடையாது என்பதால் தூக்கி எறிய முடியாது. நூலின் எடையைத்தான் வீச வேண்டும். அதற்குக் கோல் வில்லைப் போல வளைந்து உடனே நிமிர வேண்டும். அந்தக் குணம் மூங்கிலின் மேல்தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது. மூங்கிலைப் பிளந்து, முக்கோணமாகச் சீவிய ஆறு சிம்புகளை, வலுவான நார் வெளிப்பக்கம் வரும்படி சேர்த்து ஒட்டினால் அறுகோணக் கோல் கிடைக்கும். நுனியில் அதன் தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு.

எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஈஸ்டன் என்ற ஊர். அங்கே துப்பாக்கி செய்த சாமுவேல் ஃபிலிப் என்பவர்தான் 1840களில் அமெரிக்காவில் மூங்கிலைப் பிளந்து கோல் செய்யத் தொடங்கியவர் என்று சொல்வார்கள். பிறகு மெய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரில் ஹைரம் லெனார்ட் ஆறு சிம்புக் கோலைப் பெரும் தொழிலாக்கினார். சிம்பு சீவும் இயந்திரத்தை அவர் பூட்டிய அறையில் வைத்திருந்தார் என்பது பிரபலமான கதை.

அந்த ஆரம்பகாலக் கோல்களுக்கு மூங்கில் எங்கிருந்து வந்தது? இந்தியாவிலிருந்து. கல்கத்தா துறைமுகம் வழியாக வந்ததால் அதற்கு 'கல்கத்தா கேன்' என்றே பெயர். மேலே தீயால் சுட்ட தழும்புகள் இருக்கும். அந்தத் தழும்பைப் பார்த்தே இது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோலாக இருக்கலாம் என்று இங்குள்ளவர்கள் ஊகிப்பார்கள். சிம்பை ஒட்டியவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. மூங்கிலை வெட்டியவர், சுட்டவர், சுமந்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பீகாரின் டோம், மத்தியப் பிரதேசத்தின் பசோர், மகாராஷ்டிரத்தின் புருட் என்று மூங்கில் வேலையைக் குலத்தொழிலாகச் சுமத்தப்பட்ட மக்கள் இன்றும் பட்டியல் சாதிகளாகவே இருக்கிறார்கள் என்பதை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்து 'டான்கின்' மூங்கில் இந்திய மூங்கிலை ஓரங்கட்டியது. அடர்ந்த நார், நீண்ட கணுவிடை. 1950இல் கொரியப் போரை ஒட்டி அமெரிக்கா சீன வணிகத்தைத் தடை செய்தது. மூங்கில் வரத்து நின்றது. அதே சமயம் கண்ணாடியிழைக் கோல்கள் மலிவாக வந்தன. கோல் செய்த பட்டறைகள் பல மூடப்பட்டன. அவர்கள் செய்த கோல்கள் பரணுக்கும் கொட்டகைக்கும் போயின. இன்று நாங்கள் கண்டெடுப்பவற்றில் பெரும்பகுதி இவைதான்.

கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது துண்டுகளின் நீளம். மூன்று துண்டும் சமமாக இருக்க வேண்டும். நுனித்துண்டு மட்டும் குட்டையாக இருந்தால் எப்போதோ முறிந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு கண்ணோடு ஒட்டிப் பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்ப்போம். காதருகே வைத்து விரலால் தட்டுவோம். கணகணவென்று கேட்டால் நல்லது. கிரீச்சென்று நடுங்கினால் பசை விட்டிருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவசரம் கூடாது. பழைய வார்னிஷைக் கூரில்லாத கத்தியால் மெல்லச் சுரண்ட வேண்டும். உப்புத்தாள் போட்டு இழைத்தால் வெளி நார் போய்விடும். கோலின் உயிரே அந்த நார்தான். வளைந்த இடத்தை விளக்குச் சூட்டில் காட்டி, பதம் வந்ததும் கையால் நிமிர்த்தி, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். சூடு கூடினால் கருகிவிடும். துண்டுகளை இணைக்கும் உலோகப் பூணைச் சூடாக்கிக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி ஒட்ட வேண்டும். வளையங்களைப் பட்டுநூலால் சுற்றிக் கட்ட வேண்டும். வார்னிஷ் பட்டதும் பட்டு கண்ணாடிபோல் ஆகி அடியிலிருக்கும் மூங்கில் தெரியும். பிறகு வாரக்கணக்கில் காயவிட வேண்டும்.

இந்த வேலையில் எங்களுக்கு ஆசான் என்று யாரும் இல்லை. எவரட் காரிசன் என்ற பொறியாளர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நுட்பம், அவர் இறந்தபின் 1977இல் புத்தகமாக வந்தது. அதைப் படித்தோம். ஆனால் கணுவில் கத்தி எப்படி வழுக்கும், நார் எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் எங்களில் ஒருவருக்கு முன்பே தெரியும். அவருடைய அப்பாயி கூடை முடைந்தவர். கால் பெருவிரலில் மூங்கிலை அழுத்திக்கொண்டு ஒரே இழுப்பில் சிம்பு கிழிப்பார். அளவுகோல் இல்லை. கூடைக்குக் கூலி நெல்லாக வரும், அதுவும் வாசலுக்கு வெளியே கொட்டப்படும்.

போன வருடம் ஒரு தமிழ்க் குடும்பம் விருந்துக்கு வந்தது. வண்டி நிறுத்தும் கூடத்தில் மூங்கில் தூளும் நூலுமாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, வந்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்னங்க இது? ஊர்ல இந்த வேலையெல்லாம் யாரு பாப்பாங்கன்னு தெரியும்ல?"

"தெரியுமே. எங்க அப்பாயிதான் பாப்பாங்க" என்றோம்.

சிரிப்பு நின்றது. சாப்பாடு சீக்கிரம் முடிந்தது. இதே கோலை ஒரு வெள்ளைக்காரரின் வரவேற்பறைச் சுவரில் பார்த்திருந்தால் அவர் படம் எடுத்திருப்பார். மூங்கில் மாறவில்லை, கத்தி மாறவில்லை. எந்தக் கை என்பதுதான் அவருக்குக் கேள்வி. கடல் தாண்டி வந்தும் அந்தக் கேள்வியைப் பெட்டியில் மடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவைச் சொர்க்கமாகக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஈஸ்டன் நிற்கும் மண்ணே 1737இல் லெனாபே பழங்குடியினரிடமிருந்து மோசடி ஒப்பந்தம் மூலம் பறிக்கப்பட்டது. நல்ல ட்ரவுட் ஓடைகள் பலவற்றைப் பணக்காரர்களின் சங்கங்கள் வளைத்து வைத்திருந்தன. கோல் தொழிலிலும் எல்லோருக்கும் பெயர் கிடைக்கவில்லை. பட்டுநூல் சுற்றும் வேலை பல தொழிற்சாலைகளில் பெண்களுடையது. முதலாளியின் பெயர் பூணில் பொறிக்கப்பட்டது, அந்தப் பெண்களின் பெயர் எங்கும் இல்லை.

இன்னொன்றும் சந்தைகளில் அடிக்கடி கிடைக்கும். மரப்பெட்டிக்குள் அழகாக அடுக்கிய ஜப்பானிய மூங்கில் கோல்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப்பொருளாக வாங்கி வந்தவை. சேகரிப்பவர்கள் இவற்றைச் சீண்டுவதில்லை, சுவரில் மாட்டத்தான் லாயக்கு என்பார்கள். தரம் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் தோற்றுப்போன நாட்டில், பசித்த வயிற்றோடு யாரோ ஒருவர் உட்கார்ந்து சிம்பு ஒட்டியிருக்கிறார். நாங்கள் அவற்றையும் வாங்குகிறோம். பெயருள்ள கோலுக்குச் செலவிடும் அதே நேரத்தைச் செலவிட்டுச் செப்பனிடுகிறோம். விற்றால் போட்ட நூல் காசுகூட வராது.

நம் ஊரில் மூங்கில் வேலை செய்பவருக்குப் பொருளும் எளிதில் கிடைக்கவில்லை. 1927ஆம் ஆண்டு வனச்சட்டம் புல் இனமான மூங்கிலை மரம் என்றது. வெட்டினால் குற்றம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதைச் சிறு வனப்பொருளாக ஏற்றது. 2017 திருத்தம் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரப் பட்டியலிலிருந்து நீக்கியது. முறம் முடைபவரின் திறமைக்குச் சாதி முத்திரை, அவர் வெட்டும் மூங்கிலுக்கு வழக்கு. இரண்டையும் தாண்டித்தான் அந்த முறம் நம் வீட்டு அடுப்படிக்கு வந்தது.

குலத்தொழிலை மறுபடி தூக்கிப் பிடிக்கச் சொல்கிறோமா? இல்லை. அப்பாயியின் பேரப்பிள்ளைகள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனது சரி. விரும்பினால் எடுக்கவும் வேண்டாமென்றால் வைக்கவும் முடிகிற கத்திதான் கைவினை. பிறப்பால் கையில் திணிக்கப்பட்ட கத்தி தண்டனை. இங்கே நாங்கள் மூங்கிலைத் தொடுவதில் சந்தோஷம் இருப்பதற்குக் காரணம், யாரும் எங்களைத் தொடச் சொல்லவில்லை என்பதுதான்.

ஆனால் தொழிலை விடுவது வேறு, தொழில் செய்தவரை மறப்பது வேறு. காரிசன் தன் கோலில் மையால் பெயர் எழுதினார். அதனால்தான் அவர் இறந்து அரை நூற்றாண்டு ஆகியும் எது அவர் கை என்று சொல்ல முடிகிறது. எங்கள் பட்டறையில் ஒரு நோட்டு இருக்கிறது. எந்தக் கோலில் எதை மாற்றினோம், எதைத் தொடாமல் விட்டோம் என்று குறித்துவைப்போம். இந்த வருடம் அதன் பின்பக்கத்திலிருந்து வேறொரு கணக்கு தொடங்கியிருக்கிறோம். ஊருக்குத் தொலைபேசியில் பேசி, எங்கள் தெருவில் கூடை முடைந்தவர்கள், தட்டி கட்டியவர்கள், பாடை கட்டியவர்கள் பெயர்களைக் கேட்டு எழுதுகிறோம். இதுவரை பத்தொன்பது பெயர். அதில் பதினோரு பேர் பெண்கள். வீட்டாரிடம் அனுமதி வாங்கிய பிறகு வெளியிடுவோம்.

உங்கள் ஊரிலும் யாராவது இருப்பார்கள். வீட்டில் பழைய முறம் கிடந்தால், அதை முடைந்தவர் யார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். சாதிப் பெயரைச் சொல்லி முடித்துவிடப் பார்ப்பார்கள். விடாதீர்கள். அவருடைய பெயரைக் கேளுங்கள்.