முட்டைக்குழிக் காவல்

பிப்ரவரி 24

நானும் நண்பனும் டாலஸிலிருந்து இருட்டோடு கிளம்பி, விடியும்போது லேக் ஃபோர்க் ஏரியில் படகை இறக்கினோம். தண்ணீர் 53 டிகிரி பாரன்ஹீட். 1980-இல் அணையை மூடியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் இன்னும் மொட்டையாக நீருக்கு மேலே நிற்கின்றன. லார்ஜ்மவுத் பாஸ் மீன்கள் கரைக்கு வரவில்லை. ஆழம் மேடேறும் ஓடைமுனைகளில்தான் திரண்டிருக்கும். சிவப்புப் போலிமீனைப் பாசிமேல் உரசினாற்போல் இழுத்துக்கொண்டே இருந்தேன். நண்பகலுக்குப் பிறகு ஒன்று. இரண்டு பவுண்டு.

மார்ச் 8

ரெட்பட் மரங்கள் இலை விடுமுன்பே ஊதாவாகப் பூத்துவிட்டன. வாடைக்காற்று படாத வடகரை மூலைகளில் நீர் 60-ஐத் தொட்டிருந்தது. அங்கே ஒரு பெண்மீன் கிடைத்தது, 22 அங்குலம். முட்டை நிறைந்து வயிறு கனத்திருந்தது. இந்த ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள பாஸை உடனே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். கையை நனைத்து, வயிற்றுக்கு அடியில் தாங்கி விட்டேன். சட்டம் இல்லாவிட்டாலும் விட்டிருப்பேன். 1992 ஜனவரியில் பாரி செயின்ட் கிளேர் பிடித்த 18.18 பவுண்டு பாஸ், டெக்சாஸின் சாதனை மீன், இதே தண்ணீரில் வளர்ந்ததுதான்.

மார்ச் 12

வடக்கிலிருந்து குளிர் இறங்கியது. மீன்கள் மறுபடி ஆழத்துக்கு. வெறுங்கை.

மார்ச் 23

நீர் 66. போலராய்டு கண்ணாடி வழியாகப் பார்த்தால் கரையோரம், மூன்றடி ஆழத்தில், வட்டவட்டமாக வெளுத்த குழிகள். ஆண்மீன் வாலால் சேற்றை விசிறித் தள்ளி, கெட்டியான தரை தெரியும்வரை துப்புரவு செய்த இடம். பெண் வந்து முட்டையிட்டுப் போய்விடும். அப்புறம் எல்லாம் அவன் பாடு. முட்டை பொரிய, சூட்டைப் பொறுத்து, மூன்று முதல் ஐந்து நாள். அதுவரை வாலால் நீரை விசிறிக்கொண்டே, வருவோர் போவோரை விரட்டிக்கொண்டே நிற்பான்.

அந்தக் குழிக்குள் ரப்பர் பல்லியை இறக்கினால் அவன் பெரும்பாலும் கவ்வுவான். அது பசியல்ல. அப்புறப்படுத்தத்தான் கவ்வுகிறான். போன வருடம் நானும் அப்படிப் பிடித்தேன். போட்டோ எடுக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் புளூகில் மீன்கள் பத்துப் பதினைந்து குழிக்குள் பாய்ந்து, தலைகீழாக நின்று முட்டைகளைத் தின்றன. ஆணை விட்டேன், அவன் திரும்பிப் போனான். எதைக் காக்கப் போனானோ அதில் பாதி இல்லை. அந்தப் போட்டோவை இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

“விட்டுடத்தானே போறோம்? சட்டமும் தடுக்கல” என்றான் நண்பன். உண்மைதான், டெக்சாஸில் பாஸ் பிடிக்கத் தடைக்காலம் கிடையாது. ஆனால் மீனை விடுவதும், அது இல்லாத அந்த இரண்டு நிமிடத்தைத் திருப்பித் தருவதும் ஒன்றல்ல. ஊரில் சித்தப்பா தவளை குத்தி விரால் பிடிப்பார். செங்குஞ்சுகள் கொப்பளித்து மேலே வருகிற இடத்தைக் கண்டால் மட்டும் தூண்டிலைச் சுருட்டிக்கொள்வார். “குஞ்சோட இருக்குடா, வா” என்பார். அடியில் பெரிய விரால் நிற்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அப்போது கோபம் கோபமாக வரும்.

குழிகளைத் தாண்டிப் படகை வெளியே திருப்பினோம். இன்னும் முட்டையிட வராத மீன்களுக்காகக் கோரை விளிம்பில் ஸ்பின்னர்பெய்ட் போலியிரையை வீசினோம். நண்பனுக்கு மூன்று, எனக்கு ஒன்று.

ஏப்ரல் 6

நீர் 71. ஒரு மரத்தடியில் கொசுக்கூட்டம்போல் குஞ்சுகள். ஒவ்வொன்றும் கண்ணும் கோடுமாக, நகமளவுகூட இல்லை. அவற்றின் கீழே அவன், படகின் நிழலைப் பார்த்தபடி. மோட்டாரை அணைத்துவிட்டுத் துடுப்பால் ஒதுங்கினோம்.

ஏப்ரல் 27

ஓடைமுனையில், பத்தடி ஆழத்தில், டெக்சாஸ் ரிக் தூண்டிலில் ஒரு மீன். 15 அங்குலம், மெலிந்த உடம்பு. வாலின் கீழ்விளிம்பு தேய்ந்து சிவந்திருந்தது. ஆண். கொக்கி உதட்டோரம்தான் குத்தியிருந்தது. நீருக்குள்ளேயே வைத்துக் கழற்றினேன். கொஞ்சநேரம் கையிலேயே செவுளை அசைத்துக்கொண்டு கிடந்தது. பிறகு கீழே இறங்கிப் போயிற்று.