தலைக்குக் குளித்த தேதி

அறுவை சிகிச்சைக்குப் போகும் பெண்ணிடம் தவறாமல் ஒரு தேதி கேட்பார்கள். கடைசியாக மாதவிலக்கு வந்தது எப்போது? படித்தவள் என்று தெரிந்தால் ‘எல்.எம்.பி. என்ன?’ இல்லையென்றால் ‘தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சும்மா?’ சீட்டில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. வயிற்றில் குழந்தை இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கான மத்திய அரசு விதிமுறையும் மாதவிலக்கு தொடங்கிய 7 நாட்களுக்குள் செய்யச் சொல்கிறது. அங்கேயும் காரணம் கருதான். வலிக்காக அந்தக் கட்டத்தை யாரும் பார்த்து நான் அறியேன்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். புறங்கை நரம்பில் ஊசி. பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து உள்ளே போனது. பத்துப் பதினைந்து நொடி கழித்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை யாரோ கொள்ளிக்கட்டையை வைத்து இழுத்த மாதிரி இருந்தது. ‘எரியுது’ என்றேன். ‘பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல’ என்றது ஒரு குரல். அவ்வளவுதான், தூங்கிவிட்டேன். பிறகு அத்தையிடம் சொன்னபோது, ‘ஒனக்குமாடி? கழுத்துக் கட்டி ஆபரேஷன்ல எனக்கும் அப்படித்தான் எரிஞ்சுது. சரியான பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சாங்க’ என்றார். இருபது வருஷமாக அத்தை அதை வெளியே சொன்னதில்லை.

அந்த வெள்ளை மருந்து புரோபோஃபால். ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ஜான் கிளென் என்ற கால்நடை மருத்துவரின் குழு கண்டுபிடித்தது. தண்ணீரில் கரையாது என்பதால் சோயா எண்ணெயிலும் முட்டை லெசித்தினிலும் கலக்கிறார்கள், பால் நிறம் அதனால்தான். 1986-ல் விற்பனைக்கு வந்தது. வேதியியல்படி அது ஃபீனால் வகை, ரத்தக் குழாயின் உட்சுவரை உறுத்தும். முன்தடுப்பு எதுவும் செய்யாவிட்டால் பத்தில் ஆறு பேருக்கு வலிக்கும் என்று 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. அத்தை பயந்தாங்கொள்ளி இல்லை.

அந்தப் பத்தில் ஆறு பேரில் ஒருத்திக்கு மாதத்தின் எல்லா நாளும் ஒரே அளவு எரியுமா? ஊசி எரிச்சலை மாதச் சுழற்சியோடு சேர்த்துப் பார்த்த சில ஆய்வுகளில், கருமுட்டை வெளியான பிறகு வரும் பின்பாதியில் வலி கூடுதல் என்று வந்திருக்கிறது. வினோதம் என்னவென்றால், அதே பின்பாதியில் மயக்க மருந்து குறைவாகவே போதும் என்று 2005-ல் துருக்கியில் ஒரு ஆய்வு காட்டியது. காரணம் புரொஜெஸ்டிரோன். 1941-லேயே ஹான்ஸ் செலியே அதை எலிகளுக்குக் கொடுத்து மயங்க வைத்திருக்கிறார். உடம்பில் அது உடைந்து உண்டாகும் பொருள், மூளையில் புரோபோஃபால் வேலை செய்கிற அதே காபா ஏற்பிகளில்தான் வேலை செய்கிறது. ஆக ஒரே ஹார்மோன் மூளையைத் தூங்க வைக்க உதவும் நாட்களில், கை மட்டும் கூடுதலாக எரியலாம். எனக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவில்லை இது. பொதுவான வலியுணர்வு பற்றி 1999-ல் வந்த தொகுப்பாய்வு சுழற்சிக்குப் பங்கு உண்டு என்றது. 2015-ல் வந்த இன்னொரு மதிப்பாய்வு, அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. இத்தனை காலம் ஆகியும் குழப்பம் தீராததற்கு ஒரு காரணம், பெண்களை ஆய்வில் சேர்க்காததுதான். அமெரிக்க எஃப்.டி.ஏ. 1977-ல், பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. 1993-ல்தான் அதை மாற்றினார்கள்.

என்னோடு ப்ளஸ் டூ படித்த தோழி இப்போது மயக்க மருந்து டாக்டர். ‘தேதியெல்லாம் எதுக்குடி? எல்லாருக்கும் முன்னாடி லிக்னோகெயின் குடு, இல்ல முழங்கை மடிப்புல பெரிய நரம்பாப் பாத்துப் போடு, வேலை முடிஞ்சுது’ என்றாள். நியாயம்தான். 2011 ஆய்வும் அந்த இரண்டையும்தான் சொல்கிறது, இரண்டுக்கும் பெரிய செலவில்லை. எந்தப் பெண்ணையும் ‘முன்பாதியில் வா’ என்று திருப்பி அனுப்ப வேண்டியதும் இல்லை. ஆனால் என் தொழில் புத்தி விடவில்லை. கட்டாயம் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம், வருஷக்கணக்காக டேட்டாபேஸில் கிடக்கும். ஒரு ரிப்போர்ட்டும் அதைத் தொடாது. அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். கேஸ் ஷீட்டில் தேதி ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்தில் ‘ஊசியின்போது வலித்ததா, எவ்வளவு’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். மயக்கவியலில் எம்.டி. படிப்பவர்கள் எப்படியும் ஆய்வேடு எழுதியே ஆகவேண்டும்.

‘தலைப்பு நல்லாத்தான் இருக்கு’ என்றாள் தோழி. ‘ஆனா நம்ம ஊர்ப் பொம்பளைங்க தேதி எங்க சொல்றாங்க? நடவுக்கு மறுநாள்ங்கிறாங்க, ஆத்துல தண்ணி வந்து மூணாம் நாள்ங்கிறாங்க.’

மேட்டூரில் என்றைக்குத் திறந்தார்கள், கல்லணையில் என்றைக்குத் திறந்தார்கள் என்பதெல்லாம் நாள்வாரியாக அரசுக் கணக்கில் இருக்கிறது என்றேன்.