பெயிண்ட் வாளியில் அலை

நாக்பூரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க ஒரு ராத்திரி ரயிலில் தூங்கி எழுந்திருக்க வேண்டும். தூத்துக்குடிக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பன்னிரண்டு வருஷமாக இங்கேதான் ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, தங்கமணியின் முறைப்பையும் மீறி, ஹாலில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி வைத்துவிட்டேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். கல்லெல்லாம் போக 150 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

லிட்டருக்கு 35 கிராம் உப்பு போட வேண்டும். சமையல் உப்பு ஆகாது, கால்சியம் மெக்னீசியம் எல்லாம் சேர்ந்த செயற்கைக் கடலுப்புதான் வேண்டும். உப்பளத்து ஊரில் பிறந்தவன் காசு கொடுத்து உப்பு மூட்டை வாங்கினேன் என்று அப்பாவிடம் போனில் சொன்னபோது, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

மீன் என்று பார்த்தால் பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்த ரெண்டு க்ளவுன் மீன்கள். பவளம் வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். கல் பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உயிரோடு வைத்தாலும் குற்றம், காய்ந்த எலும்பாக ஷோகேஸில் வைத்தாலும் குற்றம். எனவே பீங்கான் கற்களை அடுக்கி ஒப்பேற்றினேன்.

பிரச்சினை தண்ணீர் ஓட்டத்தில் வந்தது. ஒரே ஃபில்டர் ஒரே திசையில் தள்ளினால், கற்களுக்குப் பின்னால் தண்ணீர் அசையாமல் கிடக்கும். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அங்கேயே சேர்ந்து அழுகும். அதோடு உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், சூடு ஏற ஏற இன்னும் குறையும். நாக்பூர் மே மாதம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடையில் அலை உண்டாக்கும் கருவி கிடைக்கிறது, ஆனால் விலையைக் கேட்டதும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த இன்ஜினியர் எழுந்துவிட்டார்.

காயலான் கடையில் பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு சுற்றுகிற மோட்டார் கிடைத்தது. நிமிஷத்துக்கு ஐந்து சுற்று. அதன் தண்டில் பாதி வட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் துண்டு, அதை ஒட்டி ஒரு மைக்ரோ சுவிட்ச். ஆறு விநாடி இடதுபக்க பம்ப், ஆறு விநாடி வலதுபக்க பம்ப். தண்ணீர் இப்படியும் அப்படியும் ஆடியதைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் பம்ப் கடகடவென்று பல்லைக் கடித்ததை நான் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்னவள் ஸ்டூல் மேல் ஏறி நின்று தீனி போட்டாள். விரல் தண்ணீரில் பட்டது.

"அப்பா, தண்ணி கடிக்குது."

மீன் கடித்திருக்கும் என்று சிரித்துக்கொண்டே போனேன். டெஸ்டரை வைத்தேன். எரிந்தது.

பம்ப் வயர் நீளம் போதாமல் நானே ஒட்டுப்போட்டு டேப் சுற்றியிருந்தேன். உப்பு அந்த டேப்புக்குள் பூத்துப்போய், 230 வோல்ட் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மர ஸ்டூல், காலில் ரப்பர் செருப்பு, அவ்வளவுதான். அன்றைக்கு அவள் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தால் என்ற நினைப்பில் ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கமணி திட்டவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

எங்கள் வீட்டில் எம்.சி.பி. மட்டும்தான் இருந்தது. இந்த மாதிரி சின்னக் கசிவுக்கெல்லாம் அது அசையாது. மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டேன். தொட்டி வைத்திருப்பவர்கள் மீன் வாங்குவதற்கு முன்னால் இதை வாங்குங்கள். வயரையும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்குகிற மாதிரி விடுங்கள். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக் வரை ஏறாது.

அலை வேண்டும், ஆனால் தொட்டிக்குள் 230 வோல்ட் கூடாது. விடை ஒரு காலி பெயிண்ட் வாளியில் கிடைத்தது. இருபது லிட்டர் வாளி. தொட்டிக்கு மேலே இரண்டரை அடி உயரத்தில் இரும்பு ராக்கில் உட்கார்ந்தது. 12 வோல்ட் டி.சி. பம்ப் ஒன்று சத்தமில்லாமல் தண்ணீரை மேலே ஏற்றும். வாளிக்குள்ளிருந்து தலைகீழ் 'ப' மாதிரி பி.வி.சி. குழாய் வெளியே வந்து தொட்டிக்கு இறங்கும். தண்ணீர் வளைவைத் தாண்டியதும் சைஃபன் பிடித்து, பன்னிரண்டு லிட்டரும் ஒரே மூச்சில் கொட்டும். கீழே காற்று புகுந்ததும் நின்றுவிடும். பிறகு மறுபடி நிரம்பும். சுவிட்ச் கிடையாது, டைமர் கிடையாது. ஹவாயில் வைக்கிக்கி மீன் காட்சியகத்தின் புரூஸ் கார்ல்சன் பெயரால் வழங்கும் ஏற்பாடுதான் இது.

முதலில் கொட்டவில்லை, ஒழுகியது. மூக்குச் சளி மாதிரி ஒழுகிக்கொண்டே இருந்தது. வளைவின் விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்தால் சைஃபன் பிடிக்காது. ரெண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, குழாயின் கீழ்முனையைத் தொட்டித் தண்ணீருக்குள் இரண்டு அங்குலம் முக்கினேன். உள்ளே மாட்டிய காற்று தண்ணீரைத் தடுத்து நிறுத்த, வாளியில் மட்டம் வளைவுக்கு மேலேயும் ஏறுகிறது. காற்று தோற்றதும் மொத்தமும் பாய்கிறது.

செய்கிறவர்களுக்கு ரெண்டு விஷயம். வாளி நிரம்பும்போது என் தொட்டியில் மட்டம் மூன்று சென்டிமீட்டர் இறங்கும், வாளி கொட்டும்போது ஏறும். அந்த இடத்தை விட்டுத்தான் தொட்டியை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஹாலில் கடல். வாளியின் விளிம்பிலும் ஒரு உபரிக் குழாய் வேண்டும். குழாயை நத்தை அடைத்துக்கொண்டால் அதுதான் காப்பாற்றும். உப்புத் திவலை சுவரில் படிவதற்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை, வாரம் ஒரு தடவை துடைக்கிறேன் :-)

போன மாதம் அப்பா வந்திருந்தார். முதல் ராத்திரி ஹாலில் படுத்தவர், பாதியில் எழுந்து என்னைத் தட்டினார்.

"ஏல, பாத்ரூம்ல யாரோ தண்ணி ஊத்திக்கிட்டே இருக்காவ பாரு."

விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியைத் தொட்டி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்தது கொட்ட நாலரை நிமிஷம் ஆகும். காத்திருந்தார். கொட்டியது. மீன் ரெண்டும் வெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டுவிட்டுத் திரும்பி வந்தன. இன்னொன்றுக்கும் காத்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஊர்க் கடல்ல இவ்வளவு அலை கெடையாதேல" என்றார்.